நூல்கடைக்கு வெறும் கையோடு போகாதீர்கள்

நண்பர்களே, வணக்கம்.

பின்னலும் எம்பிராய்டரியும் பழகுகிறவர்கள் கூடியிருக்கிறீர்கள். உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்ளத்தான் வந்தேன். ஏதாவது சிற்றூருக்குப் போகும்போது நூல்கடை ஒன்று கண்ணில் பட்டால் உள்ளே போங்கள். பாதியில் நிற்கும் உங்கள் பின்னலையும் பையில் எடுத்துப் போங்கள்.

ஒரு முறை ஸ்வெட்டரின் முன்பக்கம் பின்னிக்கொண்டிருந்தேன். நூல் தீர்ந்துவிட்டது. அதே நிற எண்ணைப் பார்த்து இன்னும் இரண்டு கண்டுகள் வரவழைத்தேன். பின்னிப் பார்த்தால், நெஞ்சுக்குக் குறுக்கே கோடு இழுத்ததுபோல நிறம் மாறித் தெரிந்தது. அழுகையே வந்துவிட்டது. அப்படியே மூட்டை கட்டி வைத்ததை, பிறகொரு நாள் சிற்றூர்க் கடை ஒன்றில் மேசைமேல் விரித்துக் காட்டினேன்.

கடைக்கார அம்மா லேபிளைத் திருப்பி, நிற எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த இன்னோர் எண்ணைக் காட்டினார். அது லாட் எண். ஒரே தடவையில் சேர்த்துச் சாயம் போட்ட நூலுக்கெல்லாம் அந்த எண் ஒன்றாக இருக்கும். அடுத்த தடவை அதே கணக்கில் சாயம் போட்டாலும் நிறம் கொஞ்சம் கூடலாம், குறையலாம். கண்டாக இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது, பின்னினால் காட்டிக்கொடுத்துவிடும். "புதுநூலைப் பிரிங்க, பழைய நூல்லயும் பத்துப் பன்னிரண்டு வரிசை பிரிங்க. அப்புறம் பழசுல ரெண்டு வரிசை, புதுசுல ரெண்டு வரிசைன்னு மாத்தி மாத்திப் பின்னுங்க" என்றார். அப்படியே செய்தேன். அந்த ஸ்வெட்டரை இன்றும் போட்டுக்கொள்கிறேன். கோடு எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை.

அங்கேதான் நூலைத் தொட்டுப் பார்க்கவும் கற்றேன். கம்பளி நூலை இழுத்துவிட்டால் திரும்பிச் சுருங்கும். பருத்தி அவ்வளவாகச் சுருங்காது, கனமும் அதிகம், பெரிய உடுப்பாகப் பின்னினால் தொங்கிப்போகும். கழுத்தில் குத்துமா என்று பார்க்க, மணிக்கட்டின் உட்பக்கத்தில் தேய்த்துப் பாருங்கள்.

ஊசி எண்களும் குழப்பும். கைத்தையல் ஊசியில் எண் கூடக்கூட ஊசி மெலியும். மில்லிமீட்டர் கணக்கில் வரும் பின்னல் ஊசியில் எண் கூடினால் தடிமன். எம்பிராய்டரி நூலோ பெரும்பாலும் ஆறு இழை சேர்ந்தது, வேண்டிய இழைகளை மட்டும் உருவிக்கொள்ளலாம். சரி, இதெல்லாம் கடையில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

அளவு பார்க்கும் மாதிரித் துண்டைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்கிறேன். 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி, அதாவது ஊசியில் விழும் வளையம், வர வேண்டிய இடத்தில் உங்கள் கையில் 20 வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 220 கண்ணி போட்டால் 100 சென்டிமீட்டர் வர வேண்டிய சுற்றளவு 110 ஆகிவிடும். ஒரு சின்னத் துண்டு பின்னிப் பார்க்கச் சோம்பல்பட்டதற்கு முழு உடுப்பையும் பிரிக்க வேண்டியிருக்கும். அந்தத் துண்டையும் கடைக்கு எடுத்துப் போங்கள். எந்த அளவு ஊசிக்கு மாறலாம் என்று பார்த்துச் சொல்வார்கள்.

நல்ல கம்பளி நூல் பல நேரம் சிட்டமாகத்தான், அதாவது உருண்டையாகச் சுற்றாமல் பெரிய வளையமாக முறுக்கித்தான் வரும். சிட்டத்திலிருந்து நேராகப் பின்னாதீர்கள், சிக்கு விழும். சுற்றும் சக்கரம் இருக்கிற கடையானால், கேட்டால் அங்கேயே கண்டாகச் சுற்றித் தருவார்கள். அது சுற்றி முடிகிற வரைக்கும் கடைக்காரர் உங்களோடுதான் நின்றுகொண்டிருப்பார். அப்போது பையைத் திறந்து உங்கள் பின்னலை எடுத்துக் காட்டுங்கள்.