நுங்கம்பாக்கத்தில் ஒருவர் தேடிய கோள்

[காட்சி: நுங்கம்பாக்கம், கல்லூரிச் சாலை. வானிலை மையத்தின் வாசல்.]

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் சென்னையே இந்த வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். புயல் எங்கே கரையைக் கடக்கும், மழை எத்தனை நாள் நீடிக்கும் என்று சொல்லும் இடம் இது. இதே வளாகத்தில் 1792-இல் ஒரு வானாய்வகம் எழுந்தது. பெயர் மெட்ராஸ் அப்சர்வேட்டரி. அதன் கருங்கல் தூண் இன்றும் உள்ளே நிற்கிறது. தமிழிலும் தெலுங்கிலும்கூட அதில் எழுத்து வெட்டியிருக்கிறார்கள்.

1855-இல் அந்த ஆய்வகத்தின் தலைவராக இருந்தவர் கேப்டன் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப். 70 ஒஃபியூகி என்று ஒரு இரட்டை நட்சத்திரம் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று சுற்றிவர ஏறக்குறைய 88 ஆண்டுகள் ஆகும். அவை போகும் பாதை கணக்கோடு ஒத்துப்போகவில்லை என்பதை ஜேக்கப் கவனித்தார். கண்ணுக்குத் தெரியாத ஒரு கோள் அங்கே இருந்து இழுக்கிறது என்று எழுதினார். வேறொரு நட்சத்திரத்துக்குக் கோள் உண்டு என்று அளவீட்டை வைத்துச் சொன்ன முதல் சில குரல்களில் ஒன்று, நம் நுங்கம்பாக்கத்திலிருந்து எழுந்தது.

அவர் சொன்னது சரியில்லை. அங்கே இன்றுவரை எந்தக் கோளும் உறுதிப்படவில்லை. ஆனாலும் எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை. அவர் யோசித்த வழி சரி. அந்தக் காலத்துக் கருவிக்குத்தான் அவ்வளவு நுட்பம் போதவில்லை.

[காட்சி: ஒரு அப்பாவும் குழந்தையும் தட்டாமாலை சுற்றுகிறார்கள்.]

அந்த வழி என்ன? தட்டாமாலை சுற்றும்போது பாருங்கள். குழந்தை பெரிய வட்டம் போடும். அப்பா நின்ற இடத்திலேயே நிற்பதில்லை. அவரும் சின்னதாக ஒரு வட்டம் போடுவார். இருட்டில் குழந்தை தெரியாவிட்டாலும், அப்பா ஆடுவதை வைத்தே அவர் கையைப் பிடித்து யாரோ சுற்றுகிறார்கள் என்று சொல்லிவிடலாம். நட்சத்திரத்துக்கும் கோளுக்கும் இதே கணக்குதான்.

ஜேக்கப்புக்குச் சரியாக 140 ஆண்டுகள் கழித்து, 1995-இல், சுவிட்சர்லாந்து வானியலாளர்கள் மிஷேல் மேயரும் டிடியே கெலோவும் இந்த ஆட்டத்தைப் பிடித்தார்கள். அவர்கள் பார்த்தது நட்சத்திரம் இருக்கும் இடத்தை அல்ல, அதன் வேகத்தை. நட்சத்திரம் நம்மை நோக்கி வரும்போது அதன் ஒளி நீலப் பக்கம் கொஞ்சம் நகரும், விலகும்போது சிவப்புப் பக்கம். 51 பெகாசி என்ற நட்சத்திரம் நொடிக்கு 50 மீட்டருக்குச் சற்று அதிகமான வேகத்தில் இப்படி முன்னும் பின்னும் ஆடியது. நான்கே நாளில் சுற்றிவரும் பெரிய வாயுக்கோள் ஒன்று அதை இழுக்கிறது. 2019-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நம் பூமி சூரியனை எவ்வளவு ஆட்டுகிறது தெரியுமா? நொடிக்கு வெறும் 9 சென்டிமீட்டர். குழந்தை தவழும் வேகம்கூட இல்லை.

அப்புறம் இன்னொரு வழி வந்தது. கோள் தன் நட்சத்திரத்துக்குக் குறுக்கே போகும்போது வெளிச்சம் துளி குறையும். சூரியனை மறைத்துப் பூமி போனால், பையில் இருக்கும் 12,000 ரூபாயில் ஒரு ரூபாய் குறைவது போல. அந்த ஒரு ரூபாயையும் எண்ணிப் பார்க்கத்தான் 2009-இல் கெப்ளர் தொலைநோக்கி விண்ணுக்குப் போனது. 2,600-க்கும் மேற்பட்ட கோள்கள் அதன் கணக்கில் சேர்ந்தன. எல்லா வழிகளிலும் கண்ட வேற்று நட்சத்திரக் கோள்களின் மொத்த எண்ணிக்கை 2025-இல் 6,000-ஐத் தாண்டிவிட்டது.

[காட்சி: போகி அதிகாலை. தெருமுனையில் நெருப்பு.]

சரி, இதில் 'வாழத்தகுந்த' கோள் எது? போகி நெருப்பு பெரிதாக எரிந்தால் நாம் தள்ளி நிற்போம். தணலாகிவிட்டால் நெருங்கிப் போவோம். நட்சத்திரத்தைச் சுற்றி, தண்ணீர் கொதித்துப் போகாமலும் உறைந்து போகாமலும் இருக்கக்கூடிய தூரம்தான் வாழத்தகு மண்டலம். அந்தப் பெயருக்கு அர்த்தம் அவ்வளவுதான். அங்கே தண்ணீர் இருக்கிறது என்றோ உயிர் இருக்கிறது என்றோ அது சொல்லவில்லை. 'இரண்டாவது பூமி' என்று தலைப்புப் போடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள்.

டிராப்பிஸ்ட்-1 ஒரு தணல். வியாழன் கோளைவிடச் சற்றே பெரிய, மங்கலான சிவப்பு நட்சத்திரம். சுமார் 40 ஒளியாண்டு தூரம்; ஒளி ஓர் ஆண்டில் போகும் தூரம்தான் ஒளியாண்டு. அதைச் சுற்றி ஏழு கோள்கள், எல்லாம் கிட்டத்தட்ட பூமி அளவு. 2017-இல் இந்தச் செய்தி வந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை. ஆனால் தணலை ஒட்டி உட்கார்ந்தால் பொறியும் மேலே தெறிக்கும். இவ்வகை நட்சத்திரங்கள் அடிக்கடி சீறும். அந்தச் சீற்றம் பக்கத்துக் கோளின் காற்றையே அடித்துக்கொண்டு போய்விடலாம். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2023-இல் பார்த்தபோது, மிக உள்ளே இருக்கும் கோளில் காற்றுமண்டலம் இருப்பதாகத் தெரியவில்லை. வாழத்தகு மண்டலத்துக்குள் இருக்கும் கோள்கள் மீதான ஆய்வு தொடர்கிறது.

[காட்சி: மெரினா, அலைகள்.]

கடற்கரை வாசனையில் டைமெத்தில் சல்பைடு என்ற பொருளுக்கும் பங்கு உண்டு. கடலில் மிதக்கும் நுண்ணுயிர்ப் பாசிகள்தான் பெரும்பாலும் அதற்குக் காரணம். 124 ஒளியாண்டு தொலைவில் உள்ள கே2-18பி என்ற கோளில், உயிரின் தடயமாக இருக்கக்கூடிய இதன் சாயல் தெரிகிறது என்று 2025 ஏப்ரலில் நிக்கு மதுசூதனனின் கேம்பிரிட்ஜ் குழு அறிவித்தது. அதே தரவை எடுத்துப் பார்த்த வேறு குழுக்கள், சான்று போதாது என்றன. உயிரே இல்லாத ஒரு வால்நட்சத்திரத்திலும் இந்தப் பொருளைக் கண்டிருக்கிறார்கள். இப்படி ஒருவர் சொல்ல இன்னொருவர் உரசிப் பார்ப்பதை நான் சண்டையாக எடுத்துக்கொள்வதில்லை. 70 ஒஃபியூகியில் ஜேக்கப் சொன்ன கோளையும் இப்படி உரசிப் பார்த்துத்தான் இல்லை என்றார்கள்.

[காட்சி: மொட்டை மாடி, தெற்கு வானம்.]

மே மாதக் கடைசியில், இரவு பத்து மணி வாக்கில் மாடிக்குப் போய்த் தெற்கே பாருங்கள். தாழ்வாக இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இடப்பக்கம் இருப்பது ஆல்ஃபா செண்டாரி. அதன் அருகே, வெறும் கண்ணுக்குத் தெரியாமல், பிராக்சிமா செண்டாரி. சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக நெருங்கிய நட்சத்திரம் அதுதான், 4.24 ஒளியாண்டு, அதாவது 40 லட்சம் கோடி கிலோமீட்டர். வாழத்தகு மண்டலத்துக்குள் ஒரு கோள் அதை 11 நாளுக்கு ஒருமுறை சுற்றுவதை 2016-இல் கண்டுபிடித்தார்கள். அந்தக் கோளில் காற்று இருக்கிறதா என்பது இன்னும் தெரியாது.