கடைசிப் பதினொரு மைல்

அனைவருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை காலை, வெளியே இந்த மழை, அப்படியும் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். ஜார்ஜ்டவுனில் கடலைப் பற்றிப் பேச ஒரு தமிழ் மேடை கிடைத்ததில் எனக்கு நிறைய மகிழ்ச்சி.

சிட்னி–ஹோபார்ட் பாய்மரப் படகுப் போட்டி 1945இல் 9 படகுகளோடு தொடங்கியது. ஆண்டுதோறும் டிசம்பர் 26ஆம் தேதி பகல் 1 மணிக்குச் சிட்னி துறைமுகத்தில் பீரங்கி முழங்கும். அங்கிருந்து தெற்கே டாஸ்மேனியாத் தீவின் ஹோபார்ட் நகரம் வரை 628 கடல் மைல். 2017இல் கமான்ச்சி என்ற பெரும் படகு 1 நாள் 9 மணி 15 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. அந்தப் போட்டியில் நான் போனது 40 அடிப் படகில், ஒன்பது பேர். எங்களுக்கு நான்கு இரவுகள் பிடித்தன.

நான் அதில் ஏறியதற்குக் காரணமே பினாங்குதான். ராஜா மூடா சிலாங்கூர் ரெகட்டா என்ற பாய்மரப் படகுப் போட்டி 1990இலிருந்து நடக்கிறது. கிள்ளான் துறைமுகத்தில் கிளம்பி, பங்கோர், பினாங்கு, லங்காவி என்று படகுகள் போகும். ஒரு நவம்பரில் இங்கே வந்த படகொன்றில் ஆள் குறைந்தது. கரையில் நின்று வேடிக்கை பார்த்த என்னைக் கயிறு பிடிக்கக் கூப்பிட்டார்கள். அந்தப் பழக்கம்தான் பிறகு சிட்னி வரை கொண்டுபோனது.

முதல் மூன்று நாளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான்கு மணி நேரம் வேலை, நான்கு மணி நேரம் படுக்கை. படுக்கையும் பங்குதான், முன்னவர் எழுந்த ஈரத்தில் அடுத்தவர் படுக்க வேண்டும். நமக்குத் தெற்கிலிருந்து வந்தால் அது தென்றல், பாட்டிலே வரும் காற்று. அங்கே தெற்கிலிருந்து வருவது பனிக்கடல் காற்று. கரையோர நீரோட்டம் தெற்கே ஓட, காற்று அதற்கு எதிரே வந்து மோத, அலைகள் சுவர் மாதிரி எழும்பும். 1998இல் 115 படகுகள் கிளம்பி 44 மட்டுமே முடித்தன. ஆறு பேர் இறந்தார்கள். அதன் பிறகு வந்த ஒரு விதி எனக்கு மிகவும் பிடிக்கும். ஆஸ்திரேலியாவுக்கும் டாஸ்மேனியாவுக்கும் நடுவே உள்ள பாஸ் நீரிணைக்குள் நுழையும் முன்பு, கிரீன் கேப் முனை அருகே ஒவ்வொரு படகும் ரேடியோவில் சொல்ல வேண்டும்: படகும் ஆட்களும் தொடர்ந்து போகத் தகுதியாக இருக்கிறோம் என்று. எங்கள் கேப்டன் அதைச் சொல்வதற்கு முன் ஒன்பது பேரையும் பெயர் சொல்லிக் கேட்டார். என் முறை வந்தபோது தொண்டை வறண்டிருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன். “வாயால் சொல்” என்றார். சொன்னேன்.

நான்காம் நாள் மாலை டாஸ்மன் தீவைச் சுற்றினோம். கடலிலிருந்து நேராக எழும் கரும்பாறைத் தூண்கள். அங்கே கோடையில் இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். ஸ்டார்ம் பே விரிகுடாவை நல்ல காற்றில் கடந்தோம். ஹோபார்ட் இருக்கும் டெர்வென்ட் ஆற்றின் முகத்துவாரத்தில் அயர்ன் பாட் கலங்கரை விளக்கம். அங்கிருந்து முடிவுக்கோடு 11 மைல்தான். குளித்துவிட்டு என்ன சாப்பிடலாம் என்ற பேச்சுகூடத் தொடங்கிவிட்டது.

கலங்கரை விளக்கத்தைத் தாண்டினோம், காற்று நின்றது. டெர்வென்டில் இரவில் காற்று இப்படிப் படுத்துக்கொள்வது பழைய கதை. அதில் வெற்றியை விட்டவர்கள் பலர்.

காற்று இல்லாதபோது படகில் என்ன வேலை என்று கேட்பீர்கள். அசையாமல் இருப்பதுதான் வேலை. ஒன்பது பேரும் ஒரே பக்கம், காற்று போகும் பக்கம் உட்கார வேண்டும். படகு லேசாகச் சாய்ந்தால்தான் பாய் தன் எடையிலேயே வளைந்து நிற்கும். வருகிற துளிக் காற்றைப் பிடிக்கும். ஒருவர் எழுந்து நடந்தால் போதும், பாய் உதறிப் பிடித்த காற்றைக் கொட்டிவிடும். தண்ணீர் வேண்டுமென்றால் புட்டி கைமாறிக் கைமாறி வரும். இருமல் வந்தால் சட்டைக்குள் இருமுவோம்.

பாயில் ஒரு சாண் நீளச் சிவப்புக் கம்பளி நூல் ஒட்டியிருக்கும். டார்ச் ஒளியில் அந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தொங்கும். நுனி மட்டும் மெல்ல எழும். நான் என் விரலில் இருந்த கயிற்றை ஓர் அங்குலம் தளர்த்துவேன். நூல் கிடையாக நின்றால் படகுக்கு அடியில் தண்ணீர் ‘சலசல’ என்று பேசும். பத்து எண்ணுவதற்குள் நூல் மறுபடி விழுந்துவிடும். இப்படியே ஏழு மணி நேரம். என் இடது தோளில் சாய்ந்திருந்தவருக்குப் பாஸ் நீரிணையில் விலா அடிபட்டிருந்தது. அவர் மூச்சு விடும்போதெல்லாம் வலி எனக்குத் தெரிந்தது. அவர் நகரவே இல்லை. நண்பர்களே, அந்த மனிதரின் பொறுமையை நான் எந்தப் புயலிலும் பார்த்ததில்லை.

அப்போது தாத்தாவை நினைத்தேன். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவர். கடைசி இரவு தளத்தில் யாருமே தூங்கவில்லை, பினாங்கின் மூக்கா ஹெட் கலங்கரை விளக்கு தெரிகிறதா என்று இருட்டையே பார்த்திருந்தோம் என்பார். கரை பக்கத்தில் வந்த பிறகுதான் பயம் வந்தது என்பார். சிறுவயதில் எனக்கு அது புரியாது.

விடிகாலை ஐந்து மணிக்கு ஹோபார்ட்டின் பின்னால் வெலிங்டன் மலை வெளுத்தது. முடிவுக்கோட்டைக் கடந்தபோது பாய் பாதி தொங்கிக்கொண்டிருந்தது. துறைமேடையில் நாலைந்து பேர், கம்பளி போர்த்திக்கொண்டு, கை தட்டினார்கள். எங்கள் உறவினர்கள் இல்லை. எந்தப் படகு வந்தாலும் தட்டுகிறவர்கள். கேப்டன் “இனி அசையலாம்” என்றார். ஒருவரும் உடனே எழவில்லை.

கடலால் சூழப்பட்ட ஊரில் பிறந்து, ஃபெரியைத் தவிர வேறு படகில் கால் வைக்காத பிள்ளைகள் நம் வீடுகளில் எத்தனை பேர்! எனக்கு அது உண்மையாகவே வலிக்கிறது. நவம்பரில் படகுகள் வரும்போது நான் கரையில் இருப்பேன். பதினான்கு வயதுக்கு மேற்பட்டவர்களைக் கூட்டி வாருங்கள், முடிச்சுப் போடுவதிலிருந்து நான் சொல்லித் தருகிறேன். நீச்சல் தெரிந்திருக்க வேண்டும். செருப்பு வேண்டாம், வழுக்காத சப்பாத்து போட்டு வரச் சொல்லுங்கள்.