அகம் கண்டது புறம் கூறேன்

நாகர்கோவில் வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலைப் பற்றி நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்குப் புதிதாக எதுவும் சொல்லத் தேவையில்லை. கொன்றையடி, இசைத் தூண்கள், 18 அடி ஆஞ்சநேயர், மார்கழித் தேர் எல்லாம் நீங்கள் அறிந்தவை. அந்தக் கோயிலின் வழக்கம் ஒன்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். இரவு பூஜை முடித்து நடை அடைக்கும் போற்றி, அதாவது பூசாரி, மறுநாள் காலையில் நடை திறப்பதில்லை. வேறொருவர்தான் திறக்க வேண்டும் என்பார்கள். அகலிகை விஷயத்தில் கௌதமரின் சாபத்துக்கு ஆளான இந்திரன், இத்தலத்தில் கொதிக்கும் நெய்யில் மூழ்கித் தூய்மை பெற்றான் என்பது தலபுராணம். அவன் இன்றும் நள்ளிரவில் வந்து பூஜை செய்கிறான் என்பது நம்பிக்கை. இங்கே பூஜைக்கு வருகிறவர்கள், ‘அகம் கண்டது புறம் கூறேன்’ என்று சத்தியம் செய்த பிறகுதான் கருவறைக்குள் போவார்கள் என்று நம் பெரியவர்கள் சொல்லி வந்திருக்கிறார்கள்.

வருகிறவன் தேவர்களுக்கு அரசன் என்பது இருக்கட்டும். இந்தக் கதையில் அவன் தவறு செய்தவன், அவமானத்தை உடம்பெல்லாம் சுமந்தவன். அவன் வந்து வணங்கிவிட்டுப் போக ஒரு நேரத்தை ஒதுக்கி, அந்த நேரத்தில் யாரும் எட்டிப் பார்க்காதபடி ஏற்பாடும் செய்து வைத்திருக்கிறார்கள். இரவில் பூவும் சந்தனமும் எப்படி இருந்தன என்று அறிந்தவர் காலையில் வரமாட்டார். காலையில் வருகிறவருக்கு முந்தைய இரவின் நிலை தெரியாது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க ஆளே இல்லை. மனம் உடைந்து வருகிறவனுக்கு முதலில் எது தேவை என்பதை அறிந்தவர்கள்தான் இந்த வழக்கத்தை உண்டாக்கியிருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

நான் தோவாளை வட்டாரத்தில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தடுப்பூசி, கர்ப்பிணிப் பதிவு, சர்க்கரை நோய் மாத்திரை என்று வீடு வீடாகப் போவதுதான் என் வேலை. கேட்க வேண்டியதைக் கேட்டு, எழுத வேண்டியதை எழுதி, நோட்டைப் பைக்குள் வைத்துவிட்டு வாசலில் செருப்பைப் போடும்போதுதான் உண்மையான பேச்சு வரும். “அக்கா, ஒரு விஷயம். யாரிடமும் சொல்லிவிடக் கூடாது.” அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். பல மாதமாகத் தூக்கம் இல்லை. சவூதியிலிருந்து கணவர் போன் செய்தால் எடுக்கவே பிடிக்கவில்லை. ரப்பர் பால் வெட்டப் போகும் வீட்டுக்காரர், வேலைக்குப் போகாமல் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். இவற்றைச் சொன்னவர்களில் முதலிலேயே மருந்து கேட்டவர்கள் குறைவு. எல்லோரும் முதலில் கேட்டது ஒரு வாக்குறுதி.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன், ஊர் வேண்டாம். தலைப்பிரசவம், சுகப்பிரசவம், பிள்ளையும் நல்ல எடை. நாற்பது நாள் கழிந்த பிறகும் அவளுக்குப் பிள்ளையைத் தூக்கத் தோன்றவில்லை. பிள்ளை பெற்ற பெண்களுக்கு வரக்கூடிய மனச்சோர்வு அது. கவனித்தால் குணமாகிவிடும். அவள் அதை நம்பிக்கையான ஓர் உறவுக்காரப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறாள். கேட்டவருக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. பாவமே என்ற எண்ணத்தில்தான் ஒரு துட்டி வீட்டில், அதாவது சாவு வீட்டில், இன்னொருவரிடம் சொல்லியிருக்கிறார். அடுத்த வாரத்துக்குள், ‘பெற்ற பிள்ளையையே வெறுக்கிறாளாம்’ என்று அது உருமாறி மாமியார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதன் பிறகு நான் எப்போது போனாலும், “ஒன்றும் இல்லை அக்கா, நன்றாக இருக்கிறேன்” என்ற ஒரே பதில்தான். முகத்தைப் பார்த்தால் நன்றாக இல்லை என்று தெரியும். அந்த வாயை மறுபடி திறக்க வைக்க எனக்கு வெகுகாலம் ஆனது. சோர்வு தந்த கஷ்டத்தைவிட, சொன்னது வெளியே போனதால் வந்த கஷ்டம்தான் அவளை அதிகம் வாட்டியது.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடத்தில் இருந்த மாவட்டம் நம்முடையது, 91.75 சதவீதம். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வரிசையில் நிற்க யாரும் கூச்சப்படுவதில்லை. மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்றால் மட்டும் திருவனந்தபுரத்துக்குப் பஸ் ஏறுகிற குடும்பங்களை நான் அறிவேன். இங்கே நல்ல மருத்துவர் இல்லாமலா? தெரிந்த முகம் யாராவது பார்த்துவிடும் என்ற பயம். சொந்தமும் பந்தமும் நெருங்கி வாழும் ஊர்கள் நம்முடையவை. நள்ளிரவில் நெஞ்சுவலி என்றால் தெருவே ஓடி வரும். அது நம் பெருமை. அதே தெருவின் கண்களுக்குப் பயந்துதான் மனவலிக்காரர் மாவட்டம் தாண்டிப் போகிறார்.

மகாபாரதத்தில் குந்தியை நினைத்துப் பாருங்கள். திருமணத்துக்கு முன் பெற்ற பிள்ளையை ஆற்றில் விட்டவள். பல ஆண்டுகள் கழித்து, அரச குமாரர்கள் வித்தை காட்டிய அரங்கில் கர்ணன் வந்து அர்ச்சுனனுக்கு எதிரே நின்றபோது அவள் மயங்கி விழுந்தாள். காரணத்தைச் சொல்லவில்லை. போரெல்லாம் முடிந்து, இறந்தவர்களுக்கு நீர்க்கடன் செய்கிற நேரத்தில்தான், “அவனுக்கும் செய்யுங்கள், அவன் உங்கள் மூத்தவன்” என்று பிள்ளைகளிடம் சொன்னாள். அந்த வேதனை தாங்காமல், இனிப் பெண்களிடம் ரகசியம் தங்காது என்று தருமன் சபித்ததாகச் சாந்தி பருவத்தில் வருகிறது. அந்தச் சாபத்தைச் சொல்லிச் சொல்லிப் பெண்களைக் கேலி செய்வது நம் வீடுகளில் இன்றும் நடக்கிறது. எனக்கு அது கொஞ்சமும் பிடிக்காது. பல ஆண்டுகள் ஒரு ரகசியத்தைத் தனியாகக் காத்தவளைப் பார்த்துச் சொன்ன சாபம் அது. குந்தி சொல்லாதது குற்றம் என்றால், அவள் இளம்பெண்ணாக நின்று சொல்லியிருந்தால் கேட்டுத் தாங்கிக்கொள்ள அங்கே யார் இருந்தார்கள் என்பதையும் கேட்க வேண்டும் அல்லவா? அவளுக்கு நம்பகமான ஒரு காது இருந்திருந்தால் என்ற நினைப்பு எனக்கு அடிக்கடி வரும். கர்ணனின் கதையே வேறு விதமாகப் போயிருக்கும்.

வள்ளுவர் புறங்கூறாமை என்ற அதிகாரத்தை இல்லறவியலில்தான் வைத்திருக்கிறார். வாய்மையும் கள்ளாமையும் துறவறவியலில் இருக்க, பிறரைப் பற்றிப் பின்னால் பேசாதிருப்பது குடும்பத்தில் வாழ்பவர்களுக்கு உரிய அறமாகிவிட்டது. ஏன் என்று குடும்பத்தில் வாழ்பவர்களுக்குத் தெரியும். சமையலறையில்தான் பேச்சு பிறக்கிறது, கல்யாண வீட்டுப் பந்தியில்தான் வளர்கிறது.

நம் சுசீந்திரத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. கைமுக்கு என்று ஒரு சோதனை அங்கே நடந்தது. ஒழுக்கக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி, காய்ச்சிய நெய்க்குள் கையை விட்டு, உள்ளே கிடக்கும் சிறு காளை உருவத்தை எடுக்க வேண்டும். கையைக் கட்டி வைத்து, பிறகு அவிழ்த்துப் பார்ப்பார்கள். புண் இருந்தால் குற்றவாளி. திருவிதாங்கூர் சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில் அது ஒழிக்கப்பட்டது. இந்திரன் நெய்யில் மூழ்கிய கதையைக் காட்டித்தான் அந்தக் கொடுமையை நியாயப்படுத்தியிருப்பார்கள். ஒரே தலபுராணம், ஒரு பக்கம், அவமானப்பட்டவன் தனியாக வந்து வணங்கிப் போக இடம் விட்டது. மறுபக்கம், சந்தேகப்பட்டவனை நாலு பேர் நடுவில் நிறுத்திக் கையைச் சுட்டது. மரபு என்று நமக்கு வந்திருப்பதில் இரண்டும் கலந்தே இருக்கின்றன. எதை எடுத்துக்கொள்வது என்பது நம் பொறுப்பு. யாரோ ஒரு பெண்ணின் அழுகுரலை, யாரோ ஒரு பையனின் கடிதத்தைக் கைப்பேசிக் குழுக்களில் அனுப்பி, “உண்மையா என்று பாருங்கள்” என்று கேட்கிறோமே, அது கைமுக்குதான். நெய்ச் சட்டி மட்டும் இல்லை.

நம்மிடம் நல்ல பழக்கங்களும் உண்டு. சிவன் கோயிலில் நந்தியின் காதருகே கையை மறைத்து வைத்துக்கொண்டு வேண்டுதலைச் சொல்கிறோம். பக்கத்தில் நிற்கும் யாரும், “என்ன சொன்னாய்?” என்று கேட்பதில்லை. அந்த நாகரிகத்தைக் கோயிலுக்கு வெளியேயும் கொண்டுவரலாம். ஒருவர் தன் மனக்கஷ்டத்தை உங்களிடம் சொன்னால், உடனே அறிவுரை சொல்ல அவசரப்படாதீர்கள். “இதற்கெல்லாமா அழுவாய், எனக்கு வந்த கஷ்டத்தைப் பார்” என்று ஒப்பிடாதீர்கள். கேளுங்கள். வீட்டுக்குப் போய்க் கணவரிடமோ மனைவியிடமோகூடச் சொல்லாதீர்கள். “அவளுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்” என்று சொல்லிப் பரப்புவதும் பரப்புவதுதான். சொன்னவர் நாளை சிரித்துக்கொண்டு எதிரே வந்தால், நேற்றைய பேச்சை நீங்களாக எடுக்க வேண்டாம், அவராக எடுக்கட்டும். சத்தியம் செய்த போற்றி அப்படித்தானே நடந்துகொள்ள வேண்டும்?

மருத்துவத்தில் இது சட்டமாகவே இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், சிகிச்சை பெறுபவரின் விவரங்கள் ரகசியமாக இருக்க வேண்டும் என்பதை அவருடைய உரிமையாகவே வைத்திருக்கிறது.

இந்த மௌனத்துக்கு ஓர் எல்லை உண்டு. அதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். சுந்தர காண்டத்தில் அனுமன் அசோக வனத்து மரத்தில் மறைந்திருக்கிறான். சீதையின் துயரத்தைப் பார்க்கிறான், இராவணன் பேசியதையும் கேட்கிறான், வெளிப்படவில்லை. அவள் உயிரை விட்டுவிடுவது என்று முடிவு செய்ததைப் பார்த்ததும், இனி மறைந்திருப்பது சரியல்ல என்று இராமனின் பெயரைச் சொல்லிக்கொண்டு வெளியே வருகிறான். உங்களிடம் பேசுகிறவர், “எனக்கு வாழப் பிடிக்கவில்லை” என்று சொன்னால், அல்லது சாவைப் பற்றி யோசிப்பதாகத் தெரிந்தால், நீங்கள் கொடுத்த வாக்கு அங்கே கட்டாது. நேரடியாகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அவரைத் தனியாக விடாதீர்கள். “உன்னைக் காப்பாற்றத்தான் சொல்கிறேன்” என்று அவரிடமே சொல்லிவிட்டு, அவர்மீது அன்புள்ள ஒருவரிடமும் மருத்துவரிடமும் சொல்லுங்கள். ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

14416 என்ற எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. கட்டணம் இல்லை, நள்ளிரவிலும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். பாதிக்கப்பட்டவர்தான் பேச வேண்டும் என்பதில்லை. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறவர்களும் பேசலாம்.

ஒரு வேண்டுகோளுடன் விடைபெறுகிறேன். ஆசாரிபள்ளத்திலோ வேறு மருத்துவமனையிலோ மனநலப் பிரிவின் வாசலில் உங்கள் தெருக்காரர் ஒருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், பெயர் சொல்லிக் கூப்பிட்டு, “இங்கே என்ன?” என்று விசாரிக்க வேண்டாம். அவர் உங்களைப் பார்த்துச் சிரித்தால் நீங்களும் சிரியுங்கள். அன்று இரவு வீட்டில் சாப்பிடும்போது அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம். அவர் அடுத்த முறை திருவனந்தபுரம் பஸ்ஸுக்காக விடியற்காலையில் எழ வேண்டியிருக்காது.

நன்றி. வணக்கம்.