மாட்டிறைச்சிக் காவலரும் கரடித் தொப்பியும்

(கிழக்கு லண்டனில் ஒரு பொங்கல் விழா மேடையில் பேசியது)

விழாத் தலைவர் அவர்களே, மன்றத்தின் செயலாளர் அவர்களே, இந்தக் குளிரிலும் வந்து அமர்ந்திருக்கும் கவுன்சிலர் அவர்களே, கோயில் அறங்காவலர் பெருமக்களே, மரக்கறி என்று அழகாகச் சொல்லும் யாழ்ப்பாணத்து உறவுகளே, விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நின்று பொங்கலும் வடையும் செய்து தந்த சகோதர சகோதரிகளே, முன்வரிசையில் இருக்கும் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். இந்த மண்டபம் நமக்குக் கிடைக்க முன்நின்றவர் கவுன்சிலர் அவர்கள். அவருக்கு ஒரு பலத்த கைதட்டல் கொடுங்கள். என்னை அறிமுகம் செய்த டாக்டர் ஐயா தாராளமாகப் புகழ்ந்துவிட்டார், அவருக்கும் என் நன்றி.

எனக்குத் தந்த தலைப்பு 'லண்டனில் சைவம்'. பேர், சாப்பாடு, தொப்பி என்று மூன்று விஷயங்களைப் பேச வந்திருக்கிறேன். மூன்றுக்கும் சேர்த்து ஒரே பழமொழி போதும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. என்னை அறிந்தவர்களுக்கு இது நான் எப்போதும் சொல்லும் பழமொழி என்று தெரியும். இன்றைக்கும் சொல்வேன்.

முதலில் பேர். லண்டன் டவர் கோட்டையைக் காக்கும் யோமன் வார்டர்களை ஊரே பீஃப்ஈட்டர், அதாவது மாட்டிறைச்சி தின்பவர், என்கிறது. ஏழாம் ஹென்றி 1485இல் அமைத்த மெய்க்காவல் படையோடு தொடர்புடைய பரம்பரை. அந்த மெய்க்காவல் படை இன்றும் தனியாக இருக்கிறது, அவர்களுக்கும் இதே பட்டப்பேர்தான். பேர் எப்படி வந்தது என்று பல கதைகள் உண்டு. பின்னாளில் இத்தாலியின் டஸ்கனியை ஆண்ட மூன்றாம் கோசிமோ 1669இல் லண்டன் வந்தபோது எழுதப்பட்ட பயணக் குறிப்பில், அரண்மனையில் இவர்களுக்குத் தினமும் ஏராளமாக மாட்டிறைச்சி கொடுக்கிறார்கள் என்று இருக்கிறது. 1813இல்கூட செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையில் 30 மெய்க்காவலர்களுக்கு ஒரு நாளைக்கு 24 பவுண்டு மாட்டிறைச்சி, 18 பவுண்டு ஆட்டிறைச்சி, 16 பவுண்டு கன்றிறைச்சி, அதற்கு மேல் 37 கேலன் பீர் என்று கணக்கு எழுதியிருக்கிறார்கள்.

சரி, சைவர் ஒருவர் பீஃப்ஈட்டர் ஆகலாமா? இந்தக் கேள்வியை நேராக அவர்களிடமே கேட்டவர் என் பெரியப்பா. தஞ்சாவூர்ப் பக்கம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வெங்காயம்கூடச் சில நாட்களில் சேர்க்க மாட்டார். லண்டன் வந்தபோது அவரை டவருக்குக் கூட்டிப் போனோம். வெளியே எங்கே என்ன கலந்திருக்குமோ என்று தயிர்சாதமும் மாவடுவும் தூக்குச் சட்டியில் கட்டிக்கொண்டார். வாசலில் பையைச் சோதித்தவர் சட்டியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "இது என்ன?" என்றார். "என் உயிர்" என்றார் பெரியப்பா. விட்டுவிட்டார்கள்.

உள்ளே கடையில் ஒரு தபால் அட்டை. சிவப்பு உடுப்பு, கையில் நீள ஈட்டி. "ஈட்டி வைத்திருப்பதால் ஈட்டரா?" என்று கேட்டார் பெரியப்பா. என் மகள், "இல்லை தாத்தா, மாட்டிறைச்சி சாப்பிடுபவர் என்று அர்த்தம்" என்றாள். பெரியப்பா நேரே ஒரு வார்டரிடம் போனார். "ஐயா, மாட்டிறைச்சி சாப்பிட்டால்தான் இந்த வேலை கிடைக்குமா?" அந்த மனிதர் கொஞ்சமும் கோபப்படவில்லை. "நான் என்ன சாப்பிடுகிறேன் என்று யாரும் கேட்கவில்லை. 22 வருடம் ராணுவத்தில் இருந்தாயா, நன்னடத்தைப் பதக்கம் வாங்கினாயா என்றுதான் கேட்டார்கள்" என்றார். உடனே பெரியப்பா அந்தத் தபால் அட்டையை நீட்டி, "அப்படியென்றால் ஓர் எழுத்தை மாற்றிவிடுங்கள். பீஃப்ஈட்டர் வேண்டாம், பீட்ஈட்டர் என்று வையுங்கள். உடுப்பும் பீட்ரூட் நிறம்தானே!" என்றார். வார்டர் சிரித்த சிரிப்பில் பின்னால் நின்ற கூட்டமே திரும்பிப் பார்த்தது.

கதை முடியவில்லை. மதியம் புல்வெளி ஓரம் உட்கார்ந்தோம். அங்கே பெரிய அண்டங்காக்கைகள் உலாவும். குறைந்தது ஆறு இருக்கவேண்டும், அவை போய்விட்டால் ராஜ்ஜியமே விழுந்துவிடும் என்று ஐதீகம். பெரியப்பாவுக்குக் காக்கைக்கு வைக்காமல் சோறு இறங்காது. ஒரு கவளம் உருட்டி, "கா கா" என்று உரக்கக் கூப்பிட்டார். அதே வார்டர் ஓடி வந்தார். "ஐயா, வேண்டாம்! இவை பச்சை இறைச்சியும் இரத்தத்தில் ஊறிய பிஸ்கட்டும் தின்பவை. விரலையும் சேர்த்துக் கொத்திவிடும்!" பெரியப்பா கவளத்தைத் தன் வாயில் போட்டுக்கொண்டு சொன்னார்: "இந்தக் கோட்டையில் உண்மையான பீஃப்ஈட்டர் யார் என்று இப்போது தெரிந்துவிட்டது." இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் இந்தக் கதை வந்துவிடும்.

பார்த்தீர்களா, பேரில் மாட்டிறைச்சி இருக்கிறது, வேலைக்கு அது தேவைப்படவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்றால் ஏட்டு மாட்டிறைச்சியும் அப்படித்தான். ஆகவே பேரோடு நமக்குச் சண்டை இல்லை.

அடுத்து சாப்பாடு. இந்த நாட்டில் சைவம் நாம் விமானத்தில் கொண்டு வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். 1847இலேயே ராம்ஸ்கேட் ஊரில் சைவ உணவாளர் சங்கம் தொடங்கிவிட்டார்கள். 1888இல் சட்டம் படிக்க வந்த காந்தி, பசியோடு அலைந்து ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகத்தைக் கண்டுபிடித்தார். அதுவரை தாய்க்குக் கொடுத்த வாக்குக்காகச் சைவமாக இருந்தவர், அங்கே வாங்கிப் படித்த ஒரு சிறு நூலுக்குப் பிறகு மனமொப்பிச் சைவரானார். இதைப் பிள்ளைகள் பள்ளியில் சொல்லவேண்டும்.

இப்போது தொப்பி. நான் வந்ததே இதற்காகத்தான். அன்று மாலையே பெரியப்பாவை பக்கிங்ஹாம் அரண்மனைக்குக் கூட்டிப் போனோம். அங்கே சிவப்புக் கோட்டுப் போட்டு அசையாமல் நிற்பவர்கள் வேறு படை. கிரனேடியர், கோல்ட்ஸ்ட்ரீம், ஸ்காட்ஸ், ஐரிஷ், வெல்ஷ் என்று ஐந்து ரெஜிமென்ட். தலையில் ஒன்றரை அடி உயரத்துக்குக் கறுப்புத் தொப்பி. "என்ன முடி?" என்றார் பெரியப்பா. கரடி என்றேன். கனடாவில் சுடப்பட்ட கருங்கரடியின் தோல், ஐயா! 1815 வாட்டர்லூ போருக்குப் பிறகு கிரனேடியர் படைக்கு வந்த வழக்கம். எதிரியை மிரட்டுவதற்காக வைத்த உயரம். இன்றைக்கு அரண்மனை வாசலில் நிற்பவர்கள் யார்? செல்ஃபி எடுக்க வந்த நம் பிள்ளைகள். அவர்களை மிரட்ட ஒரு கரடி சாகவேண்டுமா?

காவலரை நான் மதிக்கிறேன். அந்தப் பையன்கள் ஆப்கானிஸ்தானில் போர் செய்துவிட்டு வந்து இங்கே நின்றவர்கள். அணிவகுப்பும் வேண்டும், சிவப்புக் கோட்டும் வேண்டும், தொப்பியும் இருக்கட்டும். செயற்கை முடியில் இருக்கட்டும் என்றுதான் கேட்கிறோம். 2022இல் ஒரு லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்ட மனு நாடாளுமன்றத்தில் விவாதத்துக்கு வந்தது. செயற்கை முடி மழை தாங்காது, தரச் சோதனையில் தேறவில்லை என்கிறது பாதுகாப்பு அமைச்சகம். தேறவில்லை என்றால் தேறும்வரை செய்து பார்க்கவேண்டாமா? நிலவுக்கு ஆள் அனுப்பும் காலத்தில் மழை தாங்கும் ஒரு தொப்பி செய்ய முடியாதா? நல்ல மாற்று வந்தால் பார்க்கலாம் என்று காகிதத்தில் எழுதிவைத்திருப்பது எதற்கு ஆகும்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. 2024இல் ராணி கமிலாவே இனிப் புதிதாக விலங்கு முடி ஆடை வாங்குவதில்லை என்று தெரிவித்துவிட்டார். ராணி விட்டதை வாசல் காவலர் விடக்கூடாதா?

நண்பர்களே, சைவம் என்று தட்டில் மட்டும் வைத்துக்கொண்டால் பாதிதான். நம் வரிப்பணத்தில் வாங்கும் தொப்பிக்கும் நாம் பதில் சொல்லவேண்டும்.

சாப்பாட்டுக் கூடத்து வாசலில் மேசை போட்டிருக்கிறோம். உங்கள் எம்.பி.க்கு எழுதிய கடிதம் தயாராக இருக்கிறது. பேரோடு தபால் குறியீட்டையும் எழுதுங்கள், அப்போதுதான் எந்தத் தொகுதிக்கு அனுப்புவது என்று எங்களுக்குத் தெரியும். கவுன்சிலர் அவர்கள் முதல் கையெழுத்தைப் போடவேண்டும் என்று இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். பரதநாட்டியத்துக்குப் பிள்ளைகள் சலங்கை கட்டிவிட்டார்கள். நன்றி, வணக்கம்.