பட்ஜெட் ஆப் எடுக்கும் முன், சீட்டுப் பணத்தை அதில் எழுதிப் பாருங்கள்

(திரையில்: ஒரு வரவு செலவு நோட்டு, பக்கத்தில் செல்போன்)

வணக்கம். வீட்டுக் கணக்கு எழுத எந்த ஆப் நல்லது என்று யார் கேட்டாலும், நான் முதலில் திருப்பிக் கேட்பது, நீங்கள் சீட்டு கட்டுகிறீர்களா என்றுதான். ஏன் என்று சொல்கிறேன்.

இருபது பேர் சேர்ந்த ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டு. மாதத் தவணை 5,000. கழிவு போக மாதாமாதம் கட்டுவது கொஞ்சம் குறையும், கணக்கு எளிதாக இருக்க அதை விட்டுவிடுவோம். ஆப்பைத் திறந்ததும் கண்ணில் படுவது வரவு, செலவு என்ற இரண்டு பொத்தான்கள். சரி என்று 5,000-ஐச் செலவில் எழுதுகிறோம். ஒன்பதாவது தவணையும் கட்டிவிட்டு, ஏலத்தில் 20,000 தள்ளி, அதாவது விட்டுக்கொடுத்து, சீட்டை எடுக்கிறோம். கைக்கு வரும் 80,000-ஐ வரவில் எழுதுகிறோம். இந்த மாதம் நன்றாகச் சேமித்திருக்கிறீர்கள் என்று ஆப் பச்சை நிறத்தில் காட்டும்.

(திரையில்: 80,000 = 45,000 + 35,000)

அதுவரை நாம் கட்டியது 45,000. அது நம் பணம், திரும்பி வந்திருக்கிறது. மீதி 35,000 கடன். அதற்கு இன்னும் பதினோரு தவணை, 55,000 கட்ட வேண்டும். அந்த மாதம் சீட்டில் நாம் சம்பாதித்தது எதுவுமே இல்லை. நகைக்கடன் வாங்கினாலும், நண்பருக்குக் கைமாத்து கொடுத்தாலும் இதே குழப்பம்தான் வரும்.

அதனால் ஆப்பில் மூன்றாவதாக ஒரு பொத்தான் தேடுங்கள். டிரான்ஸ்ஃபர் என்று இருக்கும். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு நகர்கிறது என்று அதில் எழுதலாம். சீட்டு என்று தனிக் கணக்கு திறக்க முடிந்தால் அந்த ஆப் நமக்கு உதவும். இல்லையென்றால், எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் வைத்துக்கொள்ள மாட்டேன்.

இந்த வேலையை இலவசமாக, முழுமையாகச் செய்வது க்னூகேஷ். 1998 முதல் இருக்கும் திறந்த மூல மென்பொருள், அதாவது அதன் நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஒவ்வொரு தொகையையும் எங்கிருந்து போனது, எங்கே வந்தது என்று இரண்டு இடத்தில் எழுதும், கடைக் கணக்குப்பிள்ளைகளின் இரட்டைப் பதிவு முறைதான் அதற்குள்ளும் இருக்கிறது. சொத்துப் பகுதியில் சீட்டு என்று கணக்கு திறந்து, மாதாமாதம் வங்கியிலிருந்து 5,000-ஐ அங்கே நகர்த்துங்கள். ஒன்பது மாதத்தில் இருப்பு 45,000. சீட்டை எடுத்து 80,000 வங்கிக்குப் போனதும் இருப்பு மைனஸ் 35,000. தள்ளிய 20,000-ஐ வட்டிச் செலவாக எழுதினால் மைனஸ் 55,000. மீதித் தவணைகள் கட்டக் கட்ட அது பூஜ்யத்துக்கு வந்து நிற்கும். முதல் தடவை இதைப் பார்த்தபோது எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. பழக இரண்டு வாரம் ஆகும், அதை மறைக்க மாட்டேன்.

கணினி இல்லாதவர்களுக்கு, போனிலேயே ஓடும் கூகுள் ஷீட்ஸ் அட்டவணை போதும். தேதி, எங்கிருந்து, எங்கே, தொகை என்று நான்கு நெடுவரிசைகள் போட்டால் கிட்டத்தட்ட இதே கணக்கு வந்துவிடும்.

அப்புறம், எஸ்எம்எஸ் படித்துத் தானாகக் கணக்கு எழுதும் ஆப்கள். வசதிதான். ஆனால் அந்த அனுமதியைக் கொடுத்தால் ஓடிபி உட்பட எல்லாக் குறுஞ்செய்தியையும் அது படிக்க முடியும். ரொக்கமாகக் கொடுத்த பால் காசு அதற்குத் தெரியாது. பெட்டிக்கடைக்கு யுபிஐயில் கொடுத்தால் கடைக்காரர் பெயர் வரும், என்ன வாங்கினோம் என்பது வராது. என் போனில் அந்த அனுமதியை நான் கொடுப்பதில்லை.

காசு கொடுத்து வாங்கலாமா? வெளிநாட்டில் பெயர் பெற்ற ஒய்நாப் என்ற பட்ஜெட் ஆப், 2024-இல் ஆண்டுக்கு 109 டாலர், ஒன்பதாயிரம் ரூபாய்க்கு மேல். வருகிற பணத்தை உறை உறையாகப் பிரித்து வைக்கும் முறை அது. அதே முறையில் இயங்கும் ஆக்சுவல் பட்ஜெட் 2022-இல் திறந்த மூலமாகிவிட்டது. வீட்டில் கணினி கொஞ்சம் தெரிந்த ஒருவர் இருந்தால், அதை நிறுவிக்கொண்டு அந்த ஒன்பதாயிரத்தைப் பள்ளிக் கட்டண உறையில் போடலாம்.

(திரையில்: 2007 – 2024)

கடைசியாக ஒன்று. அமெரிக்காவில் பல லட்சம் பேர் நம்பியிருந்த இலவச ஆப் மின்ட். 2007-இல் வந்தது, 2009-இல் இன்ட்யூட் நிறுவனம் வாங்கியது, 2024 மார்ச்சில் மூடப்பட்டது. எவ்வளவு பெரிய ஆப்பும் ஒருநாள் நிற்கலாம். என் போனை மாற்றியபோது ஒரு ஆப்பில் இருந்த இரண்டு வருடக் கணக்கு மொத்தமாகப் போனது. கணக்கை ஆப்பிலிருந்து வெளியே எடுத்து வைக்க எக்ஸ்போர்ட் என்ற பொத்தான் இருப்பதே அன்று எனக்குத் தெரியாது.

ஆகவே புது ஆப்பில் முதல் நாளே பத்து வரி எழுதுங்கள். அதில் இரண்டு வரி தமிழில் இருக்கட்டும். எந்த அட்டவணை மென்பொருளிலும் திறக்கக்கூடிய சிஎஸ்வி கோப்பாக வெளியே எடுத்து, லிப்ரே ஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் திறந்து பாருங்கள். மளிகை என்று எழுதியது புரியாத குறிகளாக வந்தால் பயப்பட வேண்டாம், திறக்கும்போது, தமிழ் எழுத்துகளையும் சரியாகக் காட்டும் குறியீட்டு முறையான யுடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்போதும் சரியாக வரவில்லை என்றால் அந்த ஆப்பை அன்றே நீக்கிவிடுங்கள், போவது பத்து வரிதான்.