மூளையில் இன்னும் எவ்வளவு மீட்க முடியும்? பக்கவாதமும் பெர்ஃபியூஷன் சி.டி. ஸ்கேனும்

[திரை: கோத்தகிரி அருகே தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகள், விடிகாலை]

இரவு 10 மணிக்கு நன்றாகப் பேசிவிட்டுப் படுத்த ஒருவர், காலை 6 மணிக்கு வாய் கோணி, வலக்கையைத் தூக்க முடியாமல் எழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மேட்டுப்பாளையத்துக்கு மலையிறங்கி, கோவையில் ஒரு பெரிய மருத்துவமனையை அடைவதற்குள் மணி 9 ஆகிவிடும். மழையில் மண் சரிந்திருந்தால் அதுவும் நிச்சயமில்லை. பாதிப்பு எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாததால், அவர் கடைசியாக நலமாக இருந்த இரவு 10 மணியிலிருந்துதான் மருத்துவர்கள் கணக்கிடுவார்கள். அந்தக் கணக்கில், மூளைத் தமனியை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமாக வகுத்துள்ள 4.5 மணி நேரம் எப்போதோ கடந்துவிட்டது. மூளையின் எந்தப் பகுதிக்கு எவ்வளவு ரத்தம் பாய்கிறது என்று காட்டும் பெர்ஃபியூஷன் ஸ்கேன், இத்தகையவருக்குத்தான் பெரிதும் உதவுகிறது.

[திரை: சி.டி. அறை, முழங்கை மடிப்பில் ஊசிக்குழாய்]

முதலில் மருந்து செலுத்தாமல் ஒரு சி.டி. எடுத்து, மூளைக்குள் ரத்தக்கசிவு இல்லை என்பதை உறுதி செய்வார்கள். பிறகு, ரத்தம் செல்லும் இடத்தைப் படத்தில் வெளுப்பாகக் காட்டும், அயோடின் கலந்த கான்ட்ராஸ்ட் மருந்தைச் சுமார் 40 முதல் 50 மி.லி. வரை, வினாடிக்கு 4 முதல் 6 மி.லி. என்ற வேகத்தில் இயந்திரமே செலுத்தும். இந்த வேகத்தைத் தாங்க வேண்டும் என்பதால்தான் புறங்கையை விட்டுவிட்டு, முழங்கை மடிப்பின் பெரிய சிரையைத் தேடுகிறார்கள். உடலெங்கும் திடீரென்று ஒரு சூடு பரவும்; அதற்கு அஞ்ச வேண்டியதில்லை, ஆனால் தலையை மட்டும் அசைக்கக் கூடாது. ஏறத்தாழ ஒரு நிமிடம், மூளையின் அதே பகுதி மீண்டும் மீண்டும் படமாகிறது.

[திரை: ஏறி இறங்கும் வளைகோடு]

மருந்து வந்து சேரும்போது ஒவ்வொரு புள்ளியும் வெளுத்து, பின்பு மங்குகிறது. அந்த ஏற்ற இறக்கத்திலிருந்து, ரத்தம் எவ்வளவு பாய்கிறது, எவ்வளவு தாமதமாக வருகிறது என்பவற்றைக் கணினி கணக்கிடுகிறது. நலமான மூளையில் 100 கிராம் திசுவுக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 50 மி.லி. ரத்தம் பாய்கிறது. அது 20-க்குக் கீழே இறங்கினால் செல்கள் வேலையை நிறுத்திவிடும், ஆனால் சில காலம் உயிரோடிருக்கும். 10-க்குக் கீழே இறங்கினால் விரைவில் இறந்துவிடும். நடைமுறையில், நலமான பகுதியின் ஓட்டத்தில் 30 சதவீதத்துக்கும் குறைவாக உள்ள இடத்தை இறந்ததாகவும், ரத்த வரவு 6 வினாடிக்கு மேல் தாமதிக்கும் எஞ்சிய இடத்தை மீட்கக்கூடியதாகவும் மென்பொருள் வண்ணமிட்டுக் காட்டுகிறது.

2018-இல் வெளியான டிஃப்யூஸ் 3 ஆய்வில், பெரிய தமனி அடைபட்டு 6 முதல் 16 மணி நேரம் ஆனவர்களில், இறந்த பகுதி 70 மி.லி.க்குள்ளும், இறந்ததும் மீட்கக்கூடியதும் சேர்ந்த மொத்த அளவு அதைப்போல் 1.8 மடங்குக்குக் குறையாமலும் இருந்தவர்களைத் தேர்ந்தெடுத்து, ரத்தக்குழாய்க்குள் மெல்லிய குழாயைச் செலுத்திக் கட்டியை அகற்றியபோது, மருந்து மட்டும் பெற்றவர்களைவிட அவர்கள் தெளிவாக நலம் பெற்றார்கள். டான் என்ற மற்றோர் ஆய்வு, 24 மணி நேரம் வரை ஆனவர்களிலும் இத்தகைய பயனைக் காட்டியது.

இதைக் கேட்டு, 24 மணி நேரம் கையில் இருக்கிறதே என்று எண்ணுவது ஆபத்தான தவறு. பெரிய தமனி அடைபட்டால் சராசரியாக நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்பது மதிப்பீடு. விரைவில் வந்து சேர்ந்தவருக்குக் கரைக்கும் ஊசியைப் போட, இந்த ஸ்கேனுக்காகக் காத்திருக்கவும் வேண்டியதில்லை.

[திரை: வண்ணப் படமும் சாதாரண சி.டி.யும் அருகருகே]

வண்ணப் படம் சில வேளைகளில் ஏமாற்றும். கழுத்துத் தமனி நாள்பட்டுச் சுருங்கியவருக்கு, புதிய அடைப்பு இல்லாமலேயே ரத்தம் தாமதமாக வந்து சேரும். மிகச் சிறிய அடைப்புகள் படத்தில் தெரியாமலும் போகலாம். ஆகவே, முதலில் எடுத்த சாதாரண சி.டி.யையும், ரத்தக்குழாய்ப் படத்தையும், நோயாளியின் கை கால் அசைவையும் சேர்த்துப் பார்த்த பிறகே மருத்துவர் முடிவெடுக்கிறார்.