கர்ப்பப்பையின் அபூர்வக் கட்டிகள்

நேயர்களுக்கு வணக்கம். நான் ஒரு பெத்தாலஜிஸ்ட், அதாவது நோயியல் மருத்துவர். ஆபரேஷனில் எடுக்கிற கட்டி எங்கள் மேசைக்கு வரும். அதை வெட்டி, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்து இன்னது என்று சொல்வது எங்கள் வேலை. நோயாளிகள் எங்களைப் பார்ப்பதே இல்லை. அவர்கள் கைக்குப் போவது பயாப்ஸி ரிப்போர்ட் மட்டும்தான். அதையும் வாங்காமலே வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள் உண்டு.

கர்ப்பப்பைக் கட்டி என்றால் பெரும்பாலும் ஃபைப்ராய்டுதான், அதாவது கர்ப்பப்பையின் தசையில் வரும், புற்றுநோய் அல்லாத கட்டி. 50 வயதுக்குள் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு இது ஏதாவது ஓர் அளவில் வந்துவிடுகிறது. தொல்லை இல்லையென்றால் பெரும்பாலும் சும்மா விட்டுவிடலாம். ஸ்கேனில் தெரிந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காகக் கர்ப்பப்பையை எடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

இதே தசையிலிருந்து சில விசித்திரமான கட்டிகளும் கிளம்புகின்றன. கோட்டிலிடோனாய்ட் லியோமயோமா என்று ஒன்று. வயிற்றைத் திறந்தால் கர்ப்பப்பைக்கு வெளியே கருஞ்சிவப்பாக, நஞ்சுக்கொடி மாதிரி கொத்துக் கொத்தாகத் தொங்கும். பார்க்கிற சர்ஜனுக்குப் புற்றுநோய் என்றுதான் தோன்றும். அப்போது ஒரு துண்டை உடனே எங்களுக்கு அனுப்புவார்கள். அதை உறையவைத்துச் சீவிப் பார்த்துக் கொஞ்ச நேரத்தில் பதில் சொல்வோம். ஃப்ரோசன் செக்‌ஷன் என்று இதற்குப் பெயர். தோற்றம்தான் பயங்கரம், செல்கள் சாது, அதாவது புற்றுநோய் இல்லை. இளம் பெண்ணாக இருந்தால், தேவைக்கு மேல் வெட்டாமல் நிறுத்த இந்தப் பதில் உதவும்.

செல்கள் சாதுவாக இருந்தும் ஆபத்தானது இன்னொன்று உண்டு. கட்டி கர்ப்பப்பையின் ரத்தக் குழாய்க்குள் நுழைந்து, அதற்குள்ளேயே நீண்டு, வயிற்றின் பெரிய சிரை வழியாகச் சில பேருக்கு இதயத்தின் வலது அறை வரை போய்விடும். கால் வீக்கம், மூச்சுத்திணறல், மயக்கம் என்று இதய மருத்துவரிடம்தான் முதலில் போவார்கள். எக்கோவில் அது ரத்தக்கட்டி மாதிரியோ, இதயத்திலேயே வந்த கட்டி மாதிரியோ தெரியும். கர்ப்பப்பையில் கட்டி இருந்ததா, முன்பு ஆபரேஷன் நடந்ததா என்று யாராவது கேட்டால்தான் விஷயம் பிடிபடும். சிகிச்சை அறுவைதான். இதயம் வரை போயிருந்தால் இதய சர்ஜனும் சேர்ந்து, ஹார்ட்-லங் மெஷின் வைத்து எடுக்கவேண்டியிருக்கும். ஈஸ்ட்ரோஜென் ஹார்மோன் இந்தக் கட்டியை வளர்ப்பதால் பல நேரம் சினைப்பையையும் எடுப்பார்கள். மிச்சம் இருந்தால் மறுபடி வளரும். தொடர்ந்து ஸ்கேன் பார்க்கவேண்டும்.

இப்படிச் சாதுவான கட்டி நுரையீரலுக்குப் போவதும் உண்டு. 1939-இல் ஸ்டைனர் என்பவர் இதைப் பற்றி எழுதிவைத்தார். கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து பல வருடம் கழித்து, வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில் நுரையீரலில் உருண்டை உருண்டையாகத் தெரியும். வீட்டில் எல்லோரும் கலங்கிப்போவார்கள். ஊசி போட்டுச் சிறிது திசு எடுத்துப் பார்த்தால் அதே கர்ப்பப்பைத் தசை! ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகளும் அந்தச் செல்களில் இருக்கும். அதனால் ஹார்மோனை அடக்கும் மருந்திலேயே பலருக்குக் கட்டுப்படுகிறது. மாதவிடாய் நின்றபின் தானாகச் சுருங்குவதும் உண்டு.

ஆனால் நுரையீரலில் இருப்பது சாதுவான கட்டிதான் என்று சொல்வதற்கு முன் பழைய கட்டியின் ஸ்லைடை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். அன்று சாது என்று சொன்னது உண்மையிலேயே சாதுதானா, சார்கோமா என்ற புற்றுநோயா? செல்கள் எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன, உட்கரு எவ்வளவு கோணியிருக்கிறது, கட்டிக்குள் திசு செத்துப்போயிருக்கிறதா என்பதையெல்லாம் சேர்த்துத்தான் முடிவெடுக்கிறோம். சில கட்டிகளில் எந்தப் பக்கமும் சொல்ல முடியாது. அதை ரிப்போர்ட்டிலும் அப்படியே எழுதுவோம். ‘டாக்டருக்கே தெரியலையா’ என்று கேட்பார்கள். தெரியாததைத் தெரியும் என்று எழுதுவதைவிட, சில வருடம் கண்காணிப்பது மேல்.

எம்.ஆர்.ஐ. நிறையச் சொல்லும், ஆனாலும் சார்கோமா இல்லவே இல்லை என்று உறுதி தராது. லேப்ராஸ்கோப்பியில் கட்டியை வயிற்றுக்குள்ளேயே மெஷினால் பொடியாக்கி எடுக்கும் முறையைப் பற்றி அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2014-இல் எச்சரித்ததும் இதனால்தான். ஃபைப்ராய்டு என்று ஆபரேஷன் செய்துகொள்ளும் சுமார் 350 பேரில் ஒருவருக்கு மறைந்திருக்கும் சார்கோமா இருக்கலாம் என்று அப்போது கணக்கிட்டார்கள். சாதுவான கட்டியின் துணுக்குகூட வயிற்றில் சிந்தினால் அங்கேயே ஒட்டி வளரக்கூடும். உங்களுக்கு அந்த ஆபரேஷன் என்றால், துணுக்கு சிந்தாமல் கட்டியை ஒரு பைக்குள் வைத்துத்தான் துண்டாக்குவீர்களா என்று தயங்காமல் கேளுங்கள்.

கடைசியாக, நான் ரொம்பக் கவலைப்படும் ஒன்று. இருபதுகளிலேயே நிறைய ஃபைப்ராய்டு, அம்மாவுக்கும் சின்ன வயதிலேயே கர்ப்பப்பை எடுத்தாயிற்று, தோலில் வலிக்கிற சிறு முடிச்சுகள், குடும்பத்தில் யாருக்காவது சிறுநீரகப் புற்றுநோய் என்று இருந்தால், எஃப்.எச். என்ற மரபணுவில் கோளாறு இருக்கலாம். பிள்ளைகளுக்கு அது போகும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. அப்படிப்பட்டவர்கள் வருடாவருடம் சிறுநீரகத்தை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கவேண்டும். மைக்ரோஸ்கோப்பில் எங்களுக்குச் சில அறிகுறிகள் தெரியும். ரிப்போர்ட்டில் அப்படி ஒரு வரி இருந்தால் மரபணு மருத்துவரைப் பாருங்கள்.

ரிப்போர்ட் தொலைந்துபோயிருந்தால், ஆபரேஷன் செய்த இடத்தின் லேபில் கேளுங்கள். திசுவை மெழுகில் பதித்த பிளாக்குகளைப் பல வருடம் வைத்திருப்பார்கள். அதிலிருந்து புதிதாகச் சீவி மறுபடி பார்க்க முடியும். லேப் நம்பர் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பெயரும் ஆபரேஷன் தேதியும் சொல்லித் தேடச் சொல்லலாம். நன்றி, வணக்கம்.